வாசனை ஆகாத கொட்டகை

ஞாயிறு இரவு, பேரிகை கிராமம்.

ஓசூரில் கடை கடையாக ஏறி, எந்த உயிரையும் வதைக்காத வீகன் சென்ட்டாகப் பார்த்து வாங்கினேன். இன்று அதைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். பட்டுப்புழுக் கொட்டகை வாசலிலேயே அம்மா தடுத்துவிட்டாள்.

"கிட்ட வராத பாப்பா. அந்த வாசனைக்குப் புழு செத்துப்போவும்."

"கூடு கட்டினதும் வெந்நீர்லதான போடப் போறாங்க?"

"போடுவாங்க. அதுவரைக்கும் எங்கூட இருக்கட்டும்."

அப்பா போன பிறகு அவளுக்கு வேறு துணை இல்லை.

சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தேன். அம்மா என் கழுத்தை மோந்து பார்த்தாள். "இன்னும் போவலையே" என்று உள்ளே போய்விட்டாள்.

விடிந்தால் எனக்குக் கம்பெனி பஸ். கொட்டகையில் இலை போட்டுக்கொண்டே அம்மா பேசுவது கேட்கிறது. மகள் வந்திருக்கிறாள் என்று புழுக்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.