ஜன்னலுக்குக் கீழே நின்றவள்

என் அன்பே,

இன்று யாரையும் உள்ளே விடமாட்டோம் என்றதும் நீ வீட்டுக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேன். நீயோ மருத்துவமனை ஜன்னலுக்குக் கீழே, தெருவில் நின்று பாடிக்கொண்டிருந்தாய்.

பக்கத்துக் கட்டில் அனியெல்லோ எட்டிப் பார்த்தார். "வாத்தியாரே, நேப்பிள்ஸ்ல ஆம்பளதான் ஜன்னலுக்குக் கீழ நின்னு பாடி உருகுவான். உங்க வீட்ல எல்லாம் தலைகீழா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே அப்படித்தான்," என்றேன்.

உன் பால்கனிக்குக் கீழே நான் பாடவந்த மாலையில், முதல் வரியிலேயே சுருதி தவறியது. தெருவே சிரித்தது. மீதியை மேலிருந்து நீயே பாடி முடித்தாய். கருணைக்கு உதாரணம் கேட்ட மாணவர்களுக்கெல்லாம், யாரோ ஒருத்தியின் கதை போல இதைத்தான் சொன்னேன்.

பாட்டை ஏற்றுக்கொண்டவள் ஜன்னல் விளக்கைப் போடுவதுதானே நம் ஊர் வழக்கம்? இன்று பட்டப்பகலில் நான் போட்டேன்.

"வெளிச்சம் பத்தலையா தாத்தா?" என்று நர்ஸ் அதட்டினாள்.

"அணைச்சிடாதம்மா, கீழ ஒருத்தி பாத்துக்கிட்டிருக்கா."

நாளை காலை என் தொண்டையில் கத்தி வைக்கிறார்கள். அதன்பின் எனக்குப் பேச்சு இல்லை. உன்னிடம் இதை நேரில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதனால்தான் நீ மேலே பார்த்தபோது, இருக்கும் குரலில் 'நன்றி' என்று கத்தினேன். தெருவெல்லாம் ஸ்கூட்டர் சத்தம். உனக்குக் கேட்டிருக்காது என்பதால் எழுதியும் வைக்கிறேன்.

என்றும் உன்னுடைய,
கணவன்