அடுத்த ஊரில் ஜெயிக்க வேண்டியவன்

மூன்று நாளாகப் பெய்த ஐப்பசி மழை இன்று காலைதான் வெறித்தது. கொட்டகையில் நனைந்து கிடந்த படுதாக்களை என் மகன் களத்தில் இழுத்துப் போட்டு விரித்தான். பந்தல் தொழில் பார்ப்பவனுக்கு ஈரப் படுதாவின் வாடை புதிதல்ல. ஆனாலும் வெயில் ஏற ஏற அந்தத் தடித்த துணியிலிருந்து புழுங்கிய நெடி கிளம்பியபோது நீ வந்துவிட்டாய். பலகைமேல் இழுத்துக் கட்டிய படுதாவில் கன்னம் பதிய, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாயே, அந்தக் கோலத்தில். வேலையை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நம் ஊரிலிருந்து பம்பாய் போனவர்கள் உண்டு, துபாய் போனவர்கள் உண்டு. ஜப்பான் போனவன் நீ ஒருவன்தான். கீழத்தெருவில் வயல்வேலை செய்யும் வீட்டில் பிறந்து, பம்பாயில் ஒரு ஏஜெண்டைப் பிடித்து, சுற்றுலா விசாவில் விமானம் ஏறிவிட்டாய். அங்கே ஒரு இரும்புப் பட்டறையில் வேலை. பட்டறையை மூடியதும் ஒரு மல்யுத்தக் கம்பெனியில் சேர்ந்தாய். மல்லுக்கட்ட அல்ல; மேடையை மாட்டவும் கழற்றவும் லாரியில் ஏற்றவும். ஆள் குறைந்த ஊர்களில் முகமூடி போட்டு உன்னையும் மேடையில் ஏற்றிவிட்டார்களாம். விசா தீர்ந்தவன் என்று பிடித்துத் திருப்பி அனுப்புவதற்குச் சற்று முன்புவரை அந்த லாரிதான் உனக்கு வீடு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு கைப்பையோடு ஊர் வந்து இறங்கினாய்.

நாம் இருவரும் உயர்நிலைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். ஆனால் நான் மேலத்தெரு. மேலத்தெருவுக்குள் வந்தால் ஜப்பான் போய்வந்த நீயும் என்னை ‘அண்ணாச்சி, வாங்க போங்க’ என்றுதான் சொல்லியாக வேண்டும். ஊர் பார்க்காத ஆற்று மணலில்தான் நான் உனக்கு ‘லே’. மாசி மாதம் தண்ணீர் ஒரு ஓரமாக ஒதுங்கி, தாமிரபரணி மணலை விரித்துப் போட்டிருந்த காலத்தில் நீ கேட்டாய்.

“உங்கிட்ட பலகை இருக்கு, கயிறு இருக்கு, படுதா இருக்கு. பெறகென்னலே? நம்ம ஊர்ல ஒரு ஆட்டம் போடுவோம்.”

இரண்டு தெருவிலிருந்தும் தெம்பான பையன்கள் சிலர் வந்தார்கள். முதல் பத்து நாள் விழ மட்டும்தான் சொல்லிக் கொடுத்தாய். தாடையை நெஞ்சோடு ஒட்டி வை, கையை விரித்து மண்ணை அறை, முதுகு முழுக்க ஒரே நேரத்தில் படட்டும். பையன்களோடு நானும் விழுந்தேன். மேலத்தெருப் பையனும் கீழத்தெருப் பையனும் ஒருவன் இடுப்பை ஒருவன் பிடித்துக்கொண்டு மணலில் உருண்டதை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

களைத்து மல்லாந்து கிடக்கையில் அந்தக் கம்பெனியின் கதையைச் சொல்வாய். ஜப்பானில் பெரிய மல்யுத்தக் கம்பெனிகள் உண்டாம். பளபளப்பான அரங்கமும் டிவியும் அவர்களுக்கு. அவர்கள் வேண்டாமென்று கழித்த ஒருவர், தோள்பட்டை இறங்கியவர், ஒரு பழைய லாரியையும் நாலைந்து பலகையையும் வைத்து இதைத் தொடங்கினாராம். முதல் ஆட்டம் ஒரு மீன் சந்தையின் முற்றத்தில். செதில் ஒட்டிய தரைமேல் மேடை. பார்க்க வந்தவர்கள் மீன் விற்கும் பெண்களும் ஐஸ் சுமப்பவர்களும். பிறகு பனி கொட்டும் மலையூர்கள், பள்ளிக்கூட மைதானங்கள். மற்ற கம்பெனிகளில் இடம் கிடைக்காத ஒல்லியும் குட்டையும் காது கேளாதவனும் வந்து சேர்ந்தார்களாம். யார் ஜெயிப்பது என்பதை மேடை ஏறும் முன்பே பேசி வைத்துக்கொள்வார்கள் என்று நீ சொன்னதும், அப்படியானால் எல்லாம் பொய்தானே என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

“விழுதது பொய்யாலே? எலும்பு பொய்யா? ஒருத்தன் தூக்குதான்னா, தூக்கப்படுதவனும் சேந்து எம்பணும். அவன் எம்பலன்னா எவனாலயும் தூக்க முடியாது. போடுதவன் அவன் கழுத்தக் காப்பாத்தணும். ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் நம்பணும்.”

கம்பெனிக்கு ஒரு முறை இருந்தது. இந்த ஊரில் தோற்றவன் அடுத்த ஊரில் ஜெயிக்க வேண்டும். எல்லாரையும்விட அதிகமாகத் தோற்றவர் முதலாளிதானாம். அவர் அடிபட்டு அடிபட்டு எழுவதைப் பார்க்கத்தான் ஜனம் கூடியது. நீ சேர்ந்த காலத்தில் கம்பெனி ஓகோவென்று ஓடியது. பிறகு அவருக்கு வயது ஏறியது. என்ன பிடிவாதமோ, இனி யாரிடமும் தோற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். உன்னைப் பிடித்து அனுப்புவதற்குச் சற்று முன்னால் லாரியையும் விற்றுவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது, வீட்டுச் சாவை ஒருவன் சொல்வதுபோல உன் குரல் இறங்கும்.

சித்திரையில் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடை விழா. அதில் ஆட்டம் வைக்க இடம் கேட்டோம். கொடையை முன்னின்று நடத்திய என் பெரியப்பா மறுக்கவில்லை. ஆனால் கடைசி ஆட்டம் நானும் நீயும் என்று கேள்விப்பட்டதும் என்னைத் தனியே அழைத்தார்.

“வெளையாட்டுதான்னு எனக்குத் தெரியுது. பாக்குத கண்ணுக்குத் தெரியுமா? நீ அவன் கையால விழுந்தேன்னா, மறுநா ஊரு சும்மா இருக்காது பாத்துக்க.”

ஆட்டமே வேண்டாம், விட்டுவிடுவோம் என்று உன்னிடம் வந்து சொன்னேன். நீ மணலைத் தட்டிவிட்டு எழுந்தாய்.

“நான் விழுதேன்லே. கம்பெனி முறைதானே? ஆடியில எங்க கோயில் கொடைக்கு நீ வந்து விழு.”

கைகொடுத்துக்கொண்டோம். அது போதும் என்று இரண்டு பேருமே நம்பினோம்.

கொடை அன்று பொழுது சாயும் நேரத்தில் ஆட்டம் தொடங்கியது. மேடைக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு, வாய்க்காலின் அக்கரையில் உன் தெரு. நீ விழும்போதெல்லாம் பலகை இடிபோல் அதிர்ந்தது. செத்தான் என்று ஜனம் நினைக்கும். நீ ஒரு முழங்காலை ஊன்றி எழுவாய். மூன்றாவது முறை எழுந்தபோது இரண்டு பக்கமும் சேர்ந்து கைதட்டியது. என் பெரியப்பாவும் தட்டினார், பார்த்தேன். பிறகு கடைசி வீச்சு. நான் உன் இடுப்பைப் பிடித்தேன். “பைய... இப்பத் தூக்குலே” என்று என் காதில் சொன்னாய். அவ்வளவு கூட்டத்தின் நடுவே என்னை ‘லே’ என்றாய், யாருக்கும் கேட்கவில்லை. நீ எம்பினாய். உன் எடை என் தோளில் இருந்ததாகவே தெரியவில்லை. போட்டேன். படுதாவில் கன்னம் பதிய, ஒரு பையன் மூன்று எண்ணி முடிக்கும்வரை கண்ணை மூடிக் கிடந்தாய்.

அப்போதுதான் எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். “இவனுவள இப்படித்தான் போடணும்.”

உன்னை என்று அவன் சொல்லவில்லை, இவனுவளை என்றான். சிலர் சீட்டியடித்தார்கள். பெரியப்பா அவனை அதட்டினார். ஆனால் சொல் வாய்க்காலைத் தாண்டிவிட்டது. கரையில் இருந்தவர்கள் எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ இன்னும் எழுந்திருக்கவில்லை. எண்ணி முடித்து நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. உன் அப்பா மட்டும் போகாமல் நின்றார். நீ மேடையை விட்டு இறங்கி அவரிடம் போனதும் அவர் கேட்டதை மறுநாள் நீயே எனக்குச் சொன்னாய்.

“இதுக்காலே கடல் தாண்டிப் போயிட்டு வந்த?”

அதன் பிறகும் நீ சோரவில்லை. வீடுவீடாகப் போய், ஆடியில் அண்ணாச்சி வந்து விழுவார், பேச்சு பேச்சுதான் என்று சொன்னாய். பாதிப் பேர் நம்பவில்லை. நம்பியவர்கள் அந்த நாளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஆடி பிறக்கும் முன்பே பக்கத்து ஊரில் ஒரு டீக்கடைத் தகராறு வெட்டில் முடிந்தது. வட்டாரம் முழுக்கப் பற்றிக்கொண்டது. பஸ்கள் நின்றன, வைக்கோல் படப்புகள் எரிந்தன, கூட்டம் கூடத் தடை போட்டார்கள். உங்கள் கொடை நடக்கவில்லை.

மறுபடி பஸ் ஓடத் தொடங்கிய வாரத்தில் நீ திருநெல்வேலிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாய். ஒரு கும்பல் பஸ்ஸை மறித்து ஒவ்வொருவரிடமும் ஊரையும் தெருவையும் கேட்டது. நீ உன் தெருவைச் சொன்னாய். படிக்கட்டிலிருந்து இழுத்துத் தார்ச்சாலையில் போட்டார்கள். தாடையை ஒட்டிவைக்கவும் கையை விரிக்கவும் அங்கே நேரமில்லை. அந்தக் கும்பலில் எங்கள் தெரு முகம் எதுவும் இருந்ததா என்று பிற்பாடு உன்னிடம் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும் நீ பேச்சை மாற்றினாய்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தேன். உன் சித்தப்பா மகன் வாசலிலேயே நிறுத்தி, இப்போது வேண்டாம் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். முதுகெலும்பில் அடி என்று அவனிடம்தான் தெரிந்துகொண்டேன். நடமாட்டம் வந்ததும் நீ திருச்செந்தூரில் உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். அங்கே ஒரு விடுதியில், சாமி கும்பிட வருகிறவர்களுக்கு அறைச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். நான் வந்து பார்க்கும்போதெல்லாம் காப்பி வாங்கித் தருவாய். அந்த ஆட்டத்தைப் பற்றி நீயும் பேசமாட்டாய், நானும் பேசமாட்டேன்.

சில வருடம் கழித்து உன் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கரையேறிய பிறகு, மழித்த தலையோடு நீ மணலில் தனியாக நின்றாய். நான் வந்து, என்னைத் தூக்கிப் போடு என்றேன். முதலில் உனக்குப் புரியவில்லை.

“முதுகு போச்சுலே. குனிஞ்சு செருப்ப எடுக்க முடியல, உன்னத் தூக்கவா?”

நான் எம்புகிறேன், நீ கையை மட்டும் வை என்றேன். வைத்தாய். நான் எம்பினேன். உன் கை என் இடுப்பில் பட்டதோ இல்லையோ, ஈரமணலில் முதுகடித்து விழுந்தேன். அக்கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தாய்.

“நல்லாத்தான் விழுந்த. பாக்கத்தான் ஆளில்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினாய். முதுகு ஞாபகம் வந்ததும் இழுத்துக்கொண்டாய். நானே எழுந்துகொண்டேன். அதற்குப் பிறகு நீ ஊருக்கு வரவில்லை. உன் உடம்புதான் வந்தது.

ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். நான் மணலில் விழுந்ததை ஊர் அறியாது. கொடை ஆட்டத்தை மட்டும் மறக்கவில்லை. அப்போது பிறக்காத பையன்கள்கூட என் கொட்டகைக்கு வந்து, ஜப்பானுக்குப் போய்வந்த பயில்வானை நீங்கள் ஒரே தூக்காகத் தூக்கிப் போட்டீர்களாமே என்று கேட்கிறார்கள். நான் தூக்கவில்லை, அவன்தான் எம்பினான் என்கிறேன். பெரியவர் தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று சிரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். போன வாரமும் ஒருவன் வந்தான். அவனிடமும் சொன்னேன். அவனும் சிரித்தான்.