நாற்பது பேர் தட்டிய கை

போஹாங்,
மார்ச் 9

உல்லுங் தீவில் இருக்கும் போங் யங்-நான் அக்காவுக்கு,

தாக் சுன்-ஜா தலைவணங்கி எழுதுவது. கடல் அடங்கி, கப்பல் இதைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். என் பெயர் உங்களுக்குத் தெரியாது. "மத்தியானப் பேச்சு" தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நீங்கள் பேசியபோது முதல் வரிசை ஓரத்தில் பச்சைச் சட்டையோடு இருந்த பாவி நான்தான்.

பார்வையாளர்களாக உட்காரும் நாற்பது பெண்களுக்கு நான் தலைவி. நான் கையைத் தூக்கினால் தட்டுவார்கள். நெஞ்சைத் தொட்டால் "ஐயோ" என்பார்கள். பதினான்கு வருஷமாக இதுதான் பிழைப்பு. விருந்தாளி பேச்சை நிறுத்தினால் உடனே தட்டிவிட வேண்டும், இடைவெளி விழக்கூடாது என்பது எங்கள் பாடம். உங்கள் வீட்டுக்காரர் கடலுக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டு வந்த நீங்கள், "படகு மட்டுந்தான் வந்துச்சு, அவரு வரல" என்று சொல்லி நிறுத்தினீர்கள். என் கை தானாக எழும்பிவிட்டது. நாற்பது பேரும் தட்டினார்கள். நீங்கள் எழுந்து எங்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். அப்புறம் பேசவே இல்லை.

நேரலை என்பதால் வெட்டவும் முடியவில்லை. அந்தக் காட்சித் துண்டு இப்போது எல்லார் கைப்பேசியிலும் ஓடுகிறது. ஏற்கெனவே பார்ப்பவர்கள் குறைந்துபோன நிகழ்ச்சி. வைப்பதா எடுப்பதா என்று இருபதாம் தேதி நிலையத்தில் முடிவெடுக்கிறார்கள். பெற்ற மகளே, "சாவுக்குக் கைதட்டுற நிகழ்ச்சி இருந்தா என்ன, போனா என்னம்மா?" என்று கேட்டுவிட்டாள். கோபம்தான் வந்தது. தொகுப்பாளர் சோன் அண்ணன், "உன் கைய ஒடிச்சு அடுப்புல வெக்கணும்" என்று கத்தினார். அடுத்த நிமிஷமே என் எதிரில் உட்கார்ந்து அழுதார்.

உறைக்குள் ஒரு தாள் இருக்கும். "எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை" என்று நிலையத்தில் அடித்துக் கொடுத்தது. கீழே கையெழுத்துக்குப் பதிலாக உங்கள் பெயர் முத்திரையைக் குத்தி அனுப்பினால் நிகழ்ச்சி பிழைக்கலாமாம். உங்கள் காலில் விழுகிறேன், அக்கா. எங்களில் பாதிப் பேர் தனிக்கட்டை. வாரத்தில் நிகழ்ச்சி நடக்கும் அந்த மூன்று நாள்தான் தலைக்குச் சாயம் பூசி, ஒருத்தியை ஒருத்தி கேலி பண்ணி, மனுஷியாக இருக்கிறோம். அதுவும் போனால் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

இதுவரை எழுதிவிட்டு அந்தத் துண்டை முதல் தடவையாகப் பார்த்தேன். அதுவரை தைரியம் வரவில்லை. நாங்கள் தட்டும்போது நீங்கள் சிரிக்கிறீர்கள், அக்கா. வந்த இடத்தில் மரியாதை கெடக்கூடாதே என்று சிரித்த சிரிப்பு.

நிகழ்ச்சி நீடிக்க வேண்டும் என்றுதான் இன்னமும் ஆசை, மறைக்க மாட்டேன். ஆனால் தாளில் இருப்பது உண்மையில்லை என்றால் முத்திரை குத்தாதீர்கள். கிழித்துப் போட்டுவிடுங்கள். எங்களுக்காக நீங்கள் பொய் சொல்ல வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்னிப்புக் கேட்கவும் வாய் வராத,
தாக் சுன்-ஜா