திரையில் தெரியாத வரிகள்

அக்கா,

எழுதுவது என் கைதான். உடைந்தது இடது கை.

காலேஜ் ஸ்ட்ரீட்டில் வெப் டிசைன் புத்தகம் வாங்கினேன் என்றேனே, அதில் ஒரு பயிற்சி: சொந்தமாக ஒரு பக்கம் செய்ய வேண்டும். வத்தக்குழம்பு செய்முறையைப் போட்டேன். ‘கமெண்ட்’ என்று இரண்டு குறிகளுக்கு நடுவே எழுதுவது திரையில் வராது என்று அதே புத்தகம் சொன்னது. அங்கே தேதிகளை எழுதினேன். எந்த நாள், எதனால் என் வீட்டுக்காரர் அடித்தார், எங்கே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை, என்ன படிக்கிறாய் என்று அவராகவே கேட்டார். எனக்குச் சந்தோஷம். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். குழம்பைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஏதோ இரண்டு விசைகளைத் தட்டினார்.

"கமெண்ட்ல எழுதினா தெரியாதுன்னு நெனச்சியா? செக்டர் ஃபைவ் ஆபீஸ்ல நாள் பூரா சோர்ஸ் கோட் பாக்கறவன்டி நான்."

எழுநூறு பக்கப் புத்தகம். அதை எடுத்து முதுகில் இரண்டு முறை அடித்தார். மூன்றாவதைக் கையால் தடுத்தேன். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது.

எதிர்வீட்டு வங்காளி அம்மா, மாஷிமா, கதவைத் தட்டினார். இவர் அமைதியான குரலில், "பொய் போடே கேச்சே, மாஷிமா" என்றார். புத்தகம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். புத்தகத்துக்கு வங்காள மொழியில் அந்த முதல் சொல்தான். தமிழில் எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

லேப்டாப்பில் அந்தப் பக்கத்தை இவர் அழித்துவிட்டார். எனக்கு எல்லாம் மனப்பாடம்.

இன்று அவர் ஆபீஸ் போனதும் அலிப்பூர் கோர்ட்டுக்குப் போனேன். ஒரு வக்கீலம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தம்மா எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குத் திரும்பவில்லை.

உன் தங்கை