உண்ணாமலைக்குத் தழை

வேங்கிக்கால்,
4.8.1997

அன்புள்ள அருணாவுக்கு,

நீ வேலைக்காகச் சென்னை போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. கோபம் தீர்ந்ததா என்று கேட்கத்தான் எழுதியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. வேறொரு உயிருக்காக எழுதுகிறேன்.

அடிபட்ட உயிர்களைப் பார்த்துக்கொள்ளும் நம் கொட்டகைக்கு ஒரு மந்தி வந்திருக்கிறது. கறுத்த முகம், சாம்பல் உடம்பு, ஏகத்துக்கு நீண்ட வால். கிரிவலப் பாதையில் சங்கிலி போட்டு வேடிக்கை காட்டிப் பிழைத்தவனிடமிருந்து வனத்துறையினர் மீட்டு என்னிடம் விட்டிருக்கிறார்கள். பெண் என்பதால் நம் கோயில் அம்மன் பெயரையே, உண்ணாமலை என்று வைத்தேன். தெரு ஜனங்களுக்கு அது ஆஞ்சநேயர். "சாமியே வந்துருக்குது"னு வடைமாலை கொண்டுவருகிறார்கள். பழமும் பொரியும் வெல்லமும் குவிகின்றன. அதுவும் தின்றுவிட்டு வயிறு உப்பிச் சுருண்டு கிடக்கிறது. ரோட்டுக் குரங்குகள் இதையே தின்று ஜம்மென்று இருக்கின்றனவே, இதற்கு மட்டும் என்ன?

உயிரியல் பூங்காவில் இந்த வகைக்குத் தீனி பார்ப்பவள் நீ. ஒரு வரி எழுது.

சகாதேவன்

சென்னை,
8.8.1997

திரு. சகாதேவன் அவர்களுக்கு,

வணக்கம். முதல் வேலையாக வடையையும் பழத்தையும் நிறுத்தவும்.

இது ரோட்டுக் குரங்கு இல்லை, தழை தின்கிற மந்தி. வயிறு மாட்டு வயிறு போல அறை அறையாக இருக்கும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள்தான் தழையைப் புளிக்கவைத்து அதற்கு உணவாக்குகின்றன. இனிப்பும் மாவும் உள்ளே போனால், வெயில் நாளில் மூடி வைத்த இட்லி மாவு போல எல்லாம் பொங்கிவிடும்.

அரசு, ஆல், புளியந்தளிர், கல்யாண முருங்கை, அகத்தி என்று கலந்து கொடுக்கவும். தட்டில் வைக்காமல் கிளையோடு ஒடித்து உயரத்தில் கட்டவும். புதுத் தழையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கவும்.

இப்படிக்கு,
அருணாதேவி

பின்குறிப்பு: பெயரிலேயே 'உண்ணாமல்' என்று வைத்துவிட்டு, இப்படியா கண்டதையும் ஊட்டுவது?

வேங்கிக்கால்,
18.8.1997

அன்புள்ள அருணாவுக்கு,

'திரு' போட்டதற்கு நன்றி. பின்குறிப்பை மட்டும் பலமுறை படித்தேன்.

நீ சொன்னபடி செய்தேன். அகத்தி என்றால் உயிரை விட்டது, மற்றதைத் தொடக்கூட இல்லை. வயிறும் வற்றியது. பிறகு லேசாகப் பேதியானது. எனக்குப் பேதியானபோது வாங்கிய கிருமிகொல்லி மாத்திரை மிச்சம் இருந்தது, பொடித்துக் கொடுத்தேன். மருந்து தின்னும்போது அகத்தி ஆகாது, மருந்தை முறித்துவிடும் அல்லவா? அதனால் அகத்தியை நிறுத்திவிட்டேன். பசியில் அது என்னையே பார்த்தது. மனசு கேட்காமல் பழமும் பொரியும் கொடுத்தேன்.

இப்போது எதையும் தொடவில்லை. எழுந்து உட்காரவும் முடியவில்லை. பயமாக இருக்கிறது, அருணா.

சகாதேவன்

சென்னை,
21.8.1997

மாமா,

உங்களுக்கு அறிவு இருக்கிறதா? அகத்தி மருந்தை முறிக்கும் என்பதெல்லாம் நம் வைத்தியர் மனுஷருக்குச் சொல்கிற பத்தியம். மந்திக்கு யார் பத்தியம் வைக்கச் சொன்னார்கள்? அந்த மாத்திரைதான் அதன் வயிற்றில் தழையைச் செரிக்கவைத்த நுண்ணுயிர்களைக் கொன்றிருக்கிறது. இனி நீங்கள் தோப்பையே கொட்டினாலும் அதற்குச் செரிக்காது. இரக்கப்படுகிறேன் என்று எதையாவது செய்து கெடுப்பதே உங்களுக்கு வழக்கம். என் விஷயத்திலும் அதைத்தான் செய்தீர்கள், உங்களோடு கஷ்டப்படுவேன் என்று என்னைக் கட்டிக்கொள்ள மறுத்தீர்கள்.

அசை நின்றுபோன மாட்டுக்கு, நல்ல மாட்டின் வாயிலிருந்து அசையை எடுத்து ஊட்டுவார்களே, அதே வழியைத்தான் இதற்கும் பார்க்க வேண்டும். அந்த நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கும் எங்கள் மந்திகளின் புதுச் சாணத்தை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து நின்றாலும் ஆச்சரியப்படாதீர்கள். அதுவரை தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

அருணா

வேங்கிக்கால்,
2.9.1997

அன்புள்ள அருணாவுக்கு,

உன் கடிதம் நீ வந்து போன பிறகுதான் வந்தது. திட்டுகிற வேகத்தில் 'மாமா' என்று எழுதிவிட்டாய். இனி தினமும் திட்டு.

சாணத்தை டிபன் கேரியரில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். கண்டக்டர் "இன்னாம்மா, கறிக்கொழம்பா?"னு கேட்டதை நினைத்து இன்னமும் சிரிக்கிறேன். நீ கரைத்துக் குழாய் வழியாக ஊற்றியபோது எனக்கு நம்பிக்கையே இல்லை. நேற்று காலை உண்ணாமலை எழுந்து உட்கார்ந்து, அரசந்தளிரைக் கிள்ளித் தின்று காம்பைத் துப்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்று புளியந்தழையும் தின்றது. எதிர்வீட்டுச் சரசு அக்கா வடைமாலைக்குப் பதிலாகத் தழைமாலை கட்டிக்கொண்டு வந்தாள். நாரை உருவிவிட்டுக் கொடுத்தேன். "சாமி இப்பத்தான் ஒழுங்கா துன்னுது"னு அவளுக்குப் பெருமை.

இன்னொரு செய்தி. தேறியதும் அதை உங்கள் பூங்காவுக்கு மாற்றலாமா என்று வனத்துறையில் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அது போய்விட்டால் உனக்குக் கடிதம் எழுத எனக்குச் சாக்கு இல்லை. ஆனால் மந்தி கூட்டத்தோடுதான் வாழும், தனியாக வைத்தால் ஏங்கிப்போகும் என்று நீ கொட்டகையில் சொன்னாய். அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உன்,
சகாதேவன்

சென்னை,
9.9.1997

அன்புள்ள மாமாவுக்கு,

அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் ஊர் வனத்துறை வண்டி வருகிறது. கூண்டுக்குள் அது தின்று பழகிய கிளைகளையே கட்டுங்கள். வழியில் யார் பழம் நீட்டினாலும் விடாதீர்கள். உண்ணாமலைக்குப் பக்கத்துக் கூண்டில் எங்கள் பெண் மந்திகள் இருக்கும். முதலில் கம்பி வழியாகப் பார்த்துப் பழகட்டும், பிறகு சேர்த்து விடலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

முன் சீட்டில் நீங்களும் ஏறி வாருங்கள். தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால்தான் அது மிரளாது. கொட்டகையை உங்களுக்குக் கைகொடுக்கும் புகழேந்தி பார்த்துக்கொள்வான், அவனுக்கும் எழுதிவிட்டேன்.

உண்ணாமலையை இறக்கிவிட்டு வண்டி உடனே ஊர் திரும்பிவிடும். நீங்கள் அதில் திரும்ப வேண்டாம்.

அருணா