கையிலிருந்து இருக்கைக்குப் போன உதறல்

அன்புள்ள ஸ்டீபனுக்கு,

ஒரு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து மூன்றாமவரிடம் ஒன்றை மறைத்தால், அது அவர்மேல் உள்ள பயத்தினாலா, அவருக்கு ஒன்றும் ஆகாது என்ற அலட்சியத்தினாலா? எனக்கு விடை தெரியவில்லை. மற்றபடி நானும் அப்பாவும் உன் தங்கை பிரின்சியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கத்தார் வெயிலில் நீயும் அப்படியே இருக்க ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். திருவள்ளூரில் நல்ல மழை, அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், பிரின்சிக்குக் கும்மிடிப்பூண்டியில் என் கம்பெனிக்குப் பக்கத்திலேயே ட்ரெய்னிங் கிடைத்து நாளை சேருகிறாள்.

இனி காரைப் பற்றி. நீ லீவு முடிந்து போனதிலிருந்தே அது சரியில்லை. பெரியபாளையம் தாண்டி வேகமெடுத்தால் ஸ்டீயரிங் கையில் உதறும், இடது பக்கம் தட் தட்டென்று சத்தம், வேகம் கூடினால் அதுவும் கூடும். அப்பாவிடம் சொன்னேன். ரோடு அப்படி விக்டோரியா, லாரிக்காரனுங்க பேத்து வெச்சிருக்கானுங்க, லேப்ல உக்காந்து உக்காந்து உனக்கு எதப் பார்த்தாலும் சந்தேகம் என்றார். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம், அதனால் நானே பார்த்தேன். நல்ல ரோட்டிலும் உதறியது. ஓடும்போது நியூட்ரலில் போட்டேன், சத்தம் நிற்கவில்லை, ஆகவே இன்ஜின் இல்லை. பிரேக்கை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே மாதிரி, ஆகவே பிரேக்கும் இல்லை. சக்கரம்தான் என்று அப்பாவிடம் சொன்னேன், பார்க்கிறேன் என்றார். அடுத்த வாரம் கிளம்பினால் ஸ்டீயரிங் அமைதியாக இருக்கிறது, உதறல் என் இருக்கைக்கு அடியில் வந்திருக்கிறது. லேபில் என்னுடன் வேலை செய்யும் திலகவதி பின்னால் உட்கார்ந்து வருவாள், இன்னா மேடம் இப்டி ஆட்டுது, கும்மிடிப்பூண்டி போறதுக்குள்ள துன்ன நாஷ்டா வெளிய வந்துடும் போலகீது என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உதறல் தானாக முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு நடந்துபோகாது, யாரோ சக்கரத்தைக் கழற்றி இடம் மாற்றியிருக்கிறார்கள்.

நேற்று மெதுவாக உருட்டிக்கொண்டு மெக்கானிக் மணிகண்டனிடம் போனேன். பின்சக்கரத்தில் உள்பக்கம் ரிம் நசுங்கி, டயர் கோழிமுட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. ஸ்டீபன் தம்பி லீவுல வந்தப்பவே கொண்டாந்து காட்டிச்சே மேடம், செவ்வாப்பேட்டைல திரும்பும்போது பிளாட்பாரக் கல்லு மேல ஏத்திட்டேன்னு, இந்த டயரு எப்ப வேணா வெடிக்கும்னு அப்பவே சொன்னேன், அப்பறமா வீட்டு சாரு வந்து, புது டயர் போட்டா மேடம் கண்டுபுடிச்சுருவாங்க, பின்னாடி மாத்திப் போடு, ஸ்டீயரிங்ல தெரியாதுன்னாரு, உங்களாண்ட யாரும் சொல்லலியா என்றான். சொல்லவில்லை என்றேன். டயரை மாற்றச் சொல்லாமல் அப்படியே திரும்ப உருட்டிக்கொண்டு வந்தேன்.

கல்லில் ஏற்றியதற்கு உன்னைக் குறை சொல்லமாட்டேன். கத்தாரில் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் பழகியவனுக்கு இங்கே இடது பக்கத்து அளவு தவறத்தான் செய்யும், அதற்காகத்தான் தனியாக எடுக்காதே என்றேன். ஆனால் வெடிக்கும் என்று தெரிந்த டயரில் நான் தினமும் லாரிகளுக்கு நடுவே போய்வருவது தெரிந்தும், இன்று மத்தியானம்கூட வீடியோவில் வந்து சாப்டீங்களாம்மா என்று உன்னால் எப்படிக் கேட்க முடிந்தது? பேசினால் என் குரல் மாறிவிடும், அதனால்தான் எழுதுகிறேன். திலகவதிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். உன் அப்பா காலை ஜெபத்தில் என் பிரயாணத்துக்காக ஒருநாளும் வேண்டாமல் இருந்ததில்லை. அந்த ஜெபத்துக்கு நானும் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியும் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு உங்கூட கார்லயே வரேம்மா என்று பிரின்சி கேட்டாள், சரி என்றேன், அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். திலகவதியைப் பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டேன், வண்டியை எடுக்கப்போவதில்லை என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். விடிவதற்குள் சொல்லிவிடுவார் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னேனே, மறக்காமல் போய்வா. எந்தக் கேடும் உன்னை அண்டாமல் ஆண்டவர் காக்கட்டும்.

உன் அம்மா,
விக்டோரியா

திங்கள் மாலை. அனுப்புமுன் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஜெபம் வழக்கம்போல் முடிந்தது. பிரின்சி தன் பையைக் காரில் வைத்தாள். அப்பா வந்து அதை வெளியே எடுத்து, மொத நாளு, நானே கொண்டுபோய் உடறேன், பைக்ல ஏறு என்றார். இன்னா நைனா, காரு இருக்க சொல்ல அவ்ளோ தூரம் பைக்லயா என்று முனகினாள். ஏறு, சொல்றேன் இல்ல என்றார். பிறகு உள்ளே போய்க் கார் சாவியை எடுத்துவந்து என் கையில் கொடுத்து, பாத்துப் போ என்றார். வாங்கிக்கொண்டேன். பைக் தெருமுனை திரும்பிய பிறகு நடந்துபோய் பஸ் ஏறினேன்.