கல்வெட்டில் ஒரு பெயர்

ஸ்ட்ராத்ஃபீல்ட், சிட்னி
12.3.1977

அன்புள்ள தம்பி,

ஐயா மறைந்த முப்பத்தோராம் நாளுக்கு அவர் நினைவாக அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் கேட்டிருந்தாய். நாலு தாளைக் கிழித்துவிட்டேன். எழுந்து நடக்கிறேன், யன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

எல்லாச் சாதிக்கும் கோயிற்கதவு திறக்க வேண்டுமென்று ஐயா வாசலில் பட்டினி கிடந்ததும் சிறைக்குப் போனதும் ஊருக்கே தெரியும். கதவு திறந்த அன்று, அதுவரை வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களில் ஒருவரை ஐயாதான் கைபிடித்து முதலில் உள்ளே கூட்டிப்போனார்; அவரைத்தான் நான் கட்டினேன். அதன்பிறகு ஏழு வருடமாக, பெற்ற மகள் என் கடிதம் எதற்கும் ஐயா பதில் போடவில்லை.

நீ அனுப்பிய மரண அறிவித்தலில் என் பெயர் இருக்கிறது. 'அன்பு மாமனாரும்' என்ற இடத்தில் உன் மனைவியின் பெயர் மட்டும்தான்; என் கணவரின் பெயர் இல்லை.

இவர் அதை வாசித்துவிட்டு, "பேப்பரில இடம் காணாமல் விட்டிருப்பினம். நீர் ஐயாவைப் பற்றி நல்லா எழுதும்" என்றார். ஐயாவின் படத்துக்கு விளக்கு வைத்ததும் இவர்தான்.

கல்வெட்டின் கடைசியில் மருமக்கள் பெயர் வருமல்லவா? அதில் இவருடைய பெயரையும் போடு. ஐயா திறந்த கதவைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதித் தருகிறேன். போட முடியாதென்றால், என் பக்கத்தை வெறுமையாகவே அச்சடி. அடியில் 'மகள்' என்று மட்டும் இருக்கட்டும்.

உன் அக்கா